மதிக்கு நீ அனுப்பின மாத்திரை

வியாசர்பாடி
14.8.2004

அன்பு மகன் பாரிக்கு அம்மா கெங்கம்மா எழுதறது. பஹ்ரைன் வெயில்ல நீ நல்லபடியா இருக்கணும்னு தினமும் நினைச்சிக்கினு கீறேன். இங்க எல்லாரும் சொகம்னு பொய் எழுத மனசு வரல நைனா. பயந்துடாதே, உன் பொண்டாட்டியும் கொழந்தையும் இப்ப வூட்லதான் கீறாங்க. ஆனா செவ்வாக்கெழம காலைல மதி கைப்பம்பு கிட்ட மயங்கி விழுந்துடுச்சி, இடுப்புல மகிழினி வேற. பக்கத்து வூட்டு சுகிர்தம் பாய்ஞ்சி கொழந்தைய ஏந்திக்கலன்னா இன்னா ஆயிருக்குமோ.

ஆஸ்பத்திரில டாக்டரம்மா இன்னா மருந்து சாப்பிடறேன்னு கேட்டதுக்கு மதி பைய இழுத்து அணைச்சிக்கிச்சி. நான்தான் அதும் பையக் கொட்டிப் பார்த்தேன், நீல மாத்திரை ரெண்டு அட்டை. உன் தோஸ்து நீலமேகம் லீவுல வந்தப்ப சோப்பு, பால்பவுடரோட நீ குடுத்தனுப்பினதாம். டாக்டரம்மா சொன்னாங்க, எளைக்கிறதுக்குப் போடற அந்த மாத்திரை உடம்புல கீற கொழுப்பைக் கரைக்காதாம், தின்ற சோத்துல கீற எண்ணெய்ல கொஞ்சத்த உள்ள சேரவிடாம வெளிய தள்ளுமாம். எண்ணெயக் கொறச்சி மூணு வேளையும் ஒழுங்கா சாப்பிடறவங்களுக்கு டாக்டர் பார்த்துதான் குடுக்கணுமாம், பால் குடுக்கிறவளுக்குக் குடுக்கவே மாட்டாங்களாம். மதி என் அண்ணன் வூட்டு கல்யாணத்துல பிரியாணி துன்ன அன்னிக்கி, பஸ்லயே எண்ணெயா ஒழுகி புடவையெல்லாம் கலீஜ் ஆயிடுச்சாம். அந்த வெக்கத்துல சோத்தையே நிறுத்திட்டு வெறும் கஞ்சித்தண்ணிய குடிச்சிக்கினு மாத்திரையப் போட்டுக்கினு இருந்திருக்குது. பால் பத்தாம கொழந்தை அழுதத நான் பல்லு மொளைக்குதுன்னு நினைச்சேன். சத்துணவுல நூறு புள்ளைங்களுக்கு சோறு போடறவ, என் வூட்ல ஒருத்தி பட்டினி கெடந்தது தெரியாம இருந்துட்டேன் பாரு.

ஏம்மா இப்படி பண்ணேன்னு கேட்டேன். நான் அனுப்பின போட்டோவ பார்த்துட்டு அவரு போன்ல, விசா வர்றதுக்குள்ள எளைச்சிடு, தோஸ்துங்க முன்னாடி உன்ன எப்படி கூட்டிக்கினு போறதுன்னு கேட்டாரு அத்தேன்னு சொல்லிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிச்சி. பாரி, அந்த வார்த்தைய நீதான் சொன்னியா? புள்ள பெத்து எட்டு மாசம்கூட ஆவல. உன் தொப்பையப் பத்தி அது ஒரு நாளாவது பேசிச்சா?

மாத்திரைய நிறுத்தியாச்சி. டாக்டரம்மா வேற சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. இட்லி, பருப்பு, கீரை, மீன் கொழம்புன்னு நேரத்துக்கு நானே கூட ஒக்காந்து துன்ன வைக்கிறேன். எளைக்கிறதப் பத்தி கொழந்தை பால் மறந்தப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதுவும் மதிக்கு இஷ்டம் இருந்தாதான். நீ இனிமே யார் கிட்டயும் எந்த மருந்தும் குடுத்தனுப்பாதே.

நீங்க மூணு பேரும் ஒண்ணா நல்லா வாழணும், அதான் எனக்கு வேணும். வெயில்ல நிறைய தண்ணி குடி. ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு பஷீர் பாய் கடைக்கு போன் பண்ணு. என்னைக் கூப்பிடாதே, மதியக் கூப்பிடு. வரமாட்டேன்னுதான் சொல்லிக்கினு கீது. அது வர்ற வரைக்கும் வாராவாரம் பண்ணு.

ஜெய்பீம்.
உன் அம்மா,
கெங்கம்மா