செதுக்காமல் விட்ட கைப்பிடி

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே நான் நலம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று உன்னைக் கேட்டுப் பயனில்லை என்பதால் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாப்பிடுகிறாயாம், தூங்குகிறாயாம், பேசத்தான் மாட்டேன் என்கிறாயாம். போனையும் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். நீ கிழித்துப் போடுவதற்குள் அக்கா பிடுங்கிச் சத்தமாகப் படித்துவிடுவாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் நீ சொல்லி அனுப்பிய விஷயம். ரூட்டரையும் ஜிக்குகளையும் வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொன்னாயாம். விற்கவில்லை. விற்கவும் மாட்டேன். யார் விலை கேட்டு வந்தது தெரியுமா? நம் பழைய மரப் பட்டறை முதலாளிதான், மேஸ்திரியை அனுப்பியிருந்தார். ரூட்டர் வெறும் பள்ளம் எடுக்கிற மெஷின், கடையில் கிடைக்கும். கட்டையை அளவு பிசகாமல் பிடித்து ஓட்ட நீ ப்ளைவுட் துண்டுகளை வைத்து வருஷக்கணக்காகச் செய்து சேர்த்த ஜிக்குகள் எந்தக் கடையில் கிடைக்கும்? அவை இல்லாமல் அங்கே ஒரு டிராயர்கூட ஒழுங்காக மூடவில்லையாம். உன் அண்ணனுக்கு இனிமேல் இதெல்லாம் எதுக்கும்மா, வீட்டில் கிடந்து கரையான்தானே தின்னப்போகுது என்றார் மேஸ்திரி. கரையானே தின்னட்டும், அது உங்கள் முதலாளியைவிடக் கொஞ்சமாகத்தான் தின்னும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று. நான் அந்தப் பட்டறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். உன் விரல்கள் போன பிறகு அங்கே வாசலில் பளபளவென்று ஒரு போர்டு மாட்டினார்கள், பாதுகாப்பே முக்கியம் என்று. போர்டு மாட்டினார்களே தவிர, வேலை மெதுவாகிறது என்று உன் ஜிக்கிலிருந்து கழற்றி எறிந்த, விரல் உள்ளே போகாமல் காக்கிற தடுப்பை யாரும் திரும்ப மாட்டவில்லை. உன் இடத்தில் வேறு ஒருத்தரை நிறுத்தினார்கள். புதுசாகக் குழந்தை பிறந்திருக்கிறது அவருக்கு. நான் ஒரு தடுப்பு செய்து, கழற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டினேன். மறுநாள் மேஸ்திரி உளியை வைத்து நெம்பி எடுத்தார். இதிலும் விரல் போனால் அதையும் அவனவன் கவனக்குறைவு என்றுதான் சொல்வீர்களா என்று எல்லோர் எதிரிலும் கேட்டேன். முதலாளி பொறுமையாக, பெண் பிள்ளைக்கு வாய் ஆகாது என்றார். வாய்தான் ஆகாது, கை ஆகும் என்று என் உளிப்பெட்டியையும் உன் ரூட்டரையும் ஜிக்குகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் புது ஆளும் இப்போது அங்கே இல்லை. முழு விரல்களோடு போனார், அதுவரைக்கும் சந்தோஷம்.

இப்போது நானும் அங்கே நம்மோடு இருந்த பாலிஷ்காரரும் சேர்ந்து பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் பாதியை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மீதிப் பாதியில் பஞ்சர் கடை. ஒரு நூலகத்துக்கு அலமாரி வேலை வந்திருக்கிறது. அத்தனை தட்டுக்கும் பள்ளம் எடுத்துச் சொருக வேண்டும். ஆணி அடித்து ஏமாற்றுகிற வேலை இல்லை. ஜிக் இல்லாமல் நடக்காது, ஜிக் செய்ய உன்னை மாதிரி எனக்கு வராது. ஆனாலும் ஒன்று செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

ரூட்டரை மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டியாயிற்று. சுழன்று மரத்தைக் குடைகிற பிட்டு மட்டும் மேலே தலைநீட்டும். உனக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை, இடது கை முழுசாக இருக்கிறது. அதனால் வழக்கமான ஜிக்கை அப்படியே கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றிச் செய்தேன். வலமிருந்து இடமாகத் தள்ளுவதை இடமிருந்து வலமாகத் தள்ளினால் தீர்ந்தது என்று நினைத்தேன். சிரிக்காதே. ஜிக்கை மாற்றினேன், பிட்டு சுற்றுகிற திசையை யார் மாற்றுவது? கட்டை தொட்டதுதான் தாமதம், பிட்டு அதைத் தன் பக்கம் இழுத்து வீசிவிட்டது. பாலிஷ்காரரின் காதோரமாகப் பறந்து போய் வார்னிஷ் டப்பாவைக் கவிழ்த்தது. உங்கண்ணன் வர்றதுக்குள்ள என்னை மேலே அனுப்பிடுவ போல என்றார். அன்று முழுக்க என் பக்கமே வரவில்லை. பஞ்சர் கடைக்காரரிடம் ஹெல்மெட் கடன் கேட்டிருக்கிறார்.

ஆனால் அந்தக் கட்டை பறந்ததில்தான் எனக்குப் புத்தி வந்தது. கட்டை போக வேண்டியது வலமிருந்து இடம்தான், அதை மாற்ற முடியாது. அதை ஏன் வலது கையால் தள்ள வேண்டும்? இடது கையால் இழுக்கலாமே! நாம் பார்த்த ஜிக் எல்லாம் தள்ளுகிற ஜிக். தள்ளுகிற கை பிட்டை நோக்கித்தான் போகும். இழுக்கிற கை அதை விட்டு விலகி விலகிப் போகும். ப்ளைவுட்டில் ஒரு சறுக்குப் பலகை செய்து, மேசைப் பள்ளத்தில் ஓடவிட்டு, கட்டையைக் கிளாம்பில் இறுக்கி, இடது ஓரத்தில் நீளமாக ஒரு கைப்பிடி வைத்தேன். தடுப்பையும் அதிலேயே சேர்த்துவிட்டேன், கழற்றினால் ஜிக்கே ஓடாது. என் வலது கையில் அந்த இரண்டு விரல்களையும் மடக்கி டேப் சுற்றிக்கொண்டு நானே ஓட்டிப் பார்த்தேன். பள்ளம் ஒரே சீராக வந்தது. பாலிஷ்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்து தட்டைச் சொருகினார். சொருகிய தட்டைத் திரும்ப எடுக்க அவரால் முடியவில்லை. கெட்ட வார்த்தை சொல்லிப் பாராட்டினார்.

இது பரிதாபத்தில் செய்ததில்லை அண்ணா. முழுக் கை உள்ளவர்களுக்கும் இனி இங்கே இதுதான் ஜிக். பத்து விரலோடும் நான் இதில்தான் வேலை செய்கிறேன்.

அங்கே ஒரு அடுக்குமாடி வாசலில் நின்று கார்களுக்குக் கேட் திறந்துவிடுகிறாயாம். அது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அந்தக் கேட்டின் கீல் சரியாக இல்லை என்று நீ தினமும் முணுமுணுப்பதாக அக்கா சொன்னாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஒரு வேலை மட்டும் பாக்கி. வலது கை அழுத்திப் பிடிக்க ஒரு பிடி வேண்டும். அதற்குத் தேக்கில் ஒரு துண்டை ஜிக்கில் பொருத்தியிருக்கிறேன். டேப் சுற்றிய என் கைக்குச் செதுக்கினால் அது என் கைக்குத்தான் இருக்கும். ஆகவே சதுரக் கட்டையாகவே விட்டுவிட்டேன். உளியைத் தீட்டி அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அளவை எழுதி அனுப்பாதே. கையைக் கொண்டு வா.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஷெட்டின் சாவி பஞ்சர் கடையில் இருக்கும், யாரையும் கேட்க வேண்டாம், எடுத்துக்கொள்.

உன் வரவுக்கு மேசையைத் துடைத்து வைத்திருக்கும்,
தங்கை