படப் பாடத்துக்குப் போன முருகன்

6 ஜூலை 1964, திங்கள்
மாடிவீட்டு பாகீரதி வந்தாள். தாராவித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர், இன்னும் டெம்பரரி. இந்த வருஷம் புதிதாகப் படப் பாடமாம். படத்தைக் காட்டினால், அதில் என்னென்ன இருக்கிறது என்று குழந்தைகள் பார்த்துச் சொல்ல வேண்டும். இருபத்தொன்றாம் தேதி இன்ஸ்பெக்டர் வந்து அந்தப் பாடத்தைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரம் பண்ணுவாராம். படம் மட்டும் ஆபீசிலிருந்து வரவில்லை. "மாமி, உங்ககிட்ட பழைய காலண்டர் இருக்குமே?"
கொடுத்தது: முருகன் 1, லக்ஷ்மி 2. கொடுத்தேனே தவிர மனசு கேட்கவில்லை. சுவாமி படம், சாக்பீஸ் தூசியில் —

8 ஜூலை
பாகீரதி அழுகிறாள். முருகனை மாட்டி, "என்ன தெரியறது?" என்று கேட்டாளாம். வகுப்பு முழுக்க எழுந்து, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டதாம். பின் பெஞ்சில் அரோகரா வேறே. வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், ஒருத்திக்கு ஜுரம்; மற்றதில் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை!
"நல்ல குழந்தைகள்னா அதுகள்" என்றேன். முறைத்தாள்.

10 ஜூலை
லக்ஷ்மிக்கும் அதே.

13 ஜூலை
ஜுரத்தில் வராமல் இருந்த ஹபீபா இன்று வந்தாளாம். தோல் கிடங்கு ஜெயினுலாப்தீன் பெண். மற்றதெல்லாம் கண்ணை மூடி நிற்க, இவள் நிதானமாகப் பார்த்து, "டீச்சர், மயிலுக்கு ஒரு கால்ல ஆறு வெரலு" என்றாளாம்.
"ஏட்டி, எங்க?" என்று பின் பெஞ்சு — அத்தனை கண்ணும் திறந்துவிட்டது. அப்புறம் நிறுத்த முடியவில்லையாம். வேலின் நிழல் ஒரு பக்கம், முருகன் நிழல் மறுபக்கம். வள்ளிக்கும் தெய்வானைக்கும் ஒரே முகம்.
என் பூஜை அறையில் இருப்பதும் அதே படம்தான். பன்னிரண்டு வருஷமாக. எண்ணிப் பார்த்தேன். ஆறு. அபசாரம், க்ஷமிக்கணும். ஆனால் இத்தனை நாள் நான் எதைப் பார்த்தேன்?

14 ஜூலை
ஜபம் நூற்றெட்டு வரவில்லை. ஆறிலேயே நிற்கிறது.

21 ஜூலை
இன்ஸ்பெக்டர் நம் ஊர்ப்பக்கத்து மனுஷர். முருகனைக் கண்டதும் ஷூவைக் கழற்றி, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றாராம். பாகீரதி வாய்ப் பழக்கத்தில், "என்ன தெரியறது?" என்று வகுப்பைக் கேட்டுவிட்டாள்.
"ஒரு ஆளு நிக்காரு."
"கண்ணை மூடியிருக்காரு."
"சாக்ஸ்ல ஓட்டை. பெருவெரலு தெரியுது."
ஹபீபா: "சட்டைப் பொத்தான் மாத்திப் போட்டிருக்காரு டீச்சர்."
இன்ஸ்பெக்டர் ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டாராம்.
ஐயோ, போச்சு வேலை! இந்தப் பொண்ணு இனி என்ன பண்ணுவா? நான் ஏன் காலண்டரைக் குடுத்தேன்? பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

3 ஆகஸ்ட்
ஆர்டர் வந்துவிட்டது. நிரந்தரம். ரிப்போர்ட்டில் இரண்டே வரி: "குழந்தைகள் நன்றாகப் பார்க்கிறார்கள். தேவைக்கு மேல்."
தேங்காய் உடைத்தாயிற்று.
படம் கொடுத்த மாமியைக் கூட்டி வரச் சொல்லிக் குழந்தைகள் கேட்கிறதாம். புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலத்திலிருந்து நாலு புடவை மாற்றியாயிற்று. இவர், "உன்னை யார் பார்க்கப்போறா?" என்கிறார்.
நாற்பத்திரண்டு பேர்.