கால் சும்மா இருக்கவில்லை

ஐப்பசி 4, செவ்வாய்

காலையில் தூறல். வாசல் காய்ந்ததும் சின்னக் கோலம். மல்லி, வற்றல் மில்லில் கொடுத்தாயிற்று. பிறகு இவரோடு பாளையங்கோட்டை, டாக்டரம்மாவிடம்.

ரத்தச் சோதனை முடிவைப் பார்த்தார். இரும்புச்சத்து அடியில் கிடக்கிறதாம். அந்தி சாய்ந்து உட்கார்ந்தால் கெண்டைக்கால் உள்ளே எறும்பு ஊர்வதும், எழுந்து நடந்தால் அடங்குவதும் அதனால் இருக்கலாமாம். "ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் மாதிரி தெரியுது. பாப்போம்" என்றார். இனி இந்த நோட்டில் சுருக்கமாக ரெ.லெ.

கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று நான் தமிழில் சொன்னேன். அதையே இங்கிலீஷில் திருப்பிச் சொல்கிறார். இது ஒரு நோயின் பெயரா? வேறு எதையோ மூடி வைக்கப் போட்ட துணி போல இருக்கிறது.

ஒரு சங்கதி. கிளம்பும்போது இவர், "நீ வெளிய இரிட்டி. பீஸக் கொடுத்துட்டு வாரேன்" என்றார். பீஸை நாங்கள் வந்த உடனேயே முன்னால் இருக்கிற பெண்ணிடம் கொடுத்தாயிற்று. ரசீது என் பையில். பிறகு உள்ளே என்ன சோலி? வெளியே வந்தவரிடம் கேட்டேன். "சும்மாதான்" என்றார். முகம் சும்மா இல்லை.

மருந்து: காலையில் இரும்பு, சிவப்புக் கேப்சூல். சாயந்திரம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை.

ஐப்பசி 5, புதன்

வெயில். கேப்சூல் கூடு எதில் செய்வது என்று மருந்துக்கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார். விடவில்லை.

"மாட்டு எலும்புப் பசைதான்க்கா. ஊர்ல எல்லாரும் முழுங்கத்தான் செய்யுதாவ."

சிவ சிவா. முட்டை கூடப் படாத வாய். வீட்டுக்கு வந்து கூட்டைப் பிரித்துத் தூளை மட்டும் எடுத்தேன். துருப்பிடித்த ஆணியை நக்கினாற்போல் ஒரு ருசி. காப்பியில் போட்டு டிகாஷனைத் தூக்கலாக விட்டதும் இறங்கிவிட்டது. கூட்டைச் செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்துக் கைகால் கழுவிய பிறகுதான் சாமி அறை.

வெள்ளை மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளையும் அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கியிருந்தேன். "அதப் படிக்காதீயக்கா. இல்லாத நோவெல்லாம் வந்துரும்" என்றுதான் கொடுத்தார். அந்தக் காலத்தில் மகனோடு உட்கார்ந்து அவன் பள்ளிப் புத்தகத்தில் நான் படித்த இங்கிலீஷ் போதும். போதாத இடத்துக்கு அகராதி.

தாளில் முதலில் போட்டிருப்பது பார்க்கின்சன். நடுக்குவாதம். ரெ.லெ. அதற்குக் கீழேதான்.

அப்பாவுக்கு வந்தது. ஸ்ரீவைகுண்டத்து வீட்டில் அப்பா சாப்பிட உட்கார்ந்தால் நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம். இலையில் எடுத்த சோறு வாய்க்குப் போய்ச் சேராது.

ஆக, விஷயம் இது. என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

வெள்ளை மாத்திரை போடவில்லை. சாமி அறையில் திருநீற்று மடலுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஐப்பசி 7, வெள்ளி

பூ விலை ஏறிவிட்டது. உதிரிப்பூ வாங்கி நானே கட்டினேன். விரல் நடுங்கவில்லை. நடுங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நாமே பார்த்தால் தெரியுமா?

தெரிந்துகொள்ள ஒரு வழி வைத்திருக்கிறேன். கோலம். கை ஆடினால் இழை ஆடும், மறைக்க முடியாது. இன்று நெளிக் கோலம் போட்டேன். சுத்தமாக வந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தால், வாசல்படியில் இவர், போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டு. நேற்றும் பிடித்தார். கல்யாணமான நாளாய் என் கோலத்தின் மேல் நின்று செருப்பு மாட்டுகிற மனிதர்.

"என்னங்க புதுசா?"

"நல்லாருக்குன்னு எடுத்தேன். எடுக்கக் கூடாதா?"

நல்லாயிருக்கு என்று இவர் வாயால் கேட்டது குழம்புக்குக்கூடக் கிடையாது.

மத்தியானம் அடுக்களையில் இருந்தேன். இவர் தாழ்வாரத்தில் போனில். "அம்மாட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்டே. நான் பாத்துக்கிடுதேன்." ஈரக் கையோடு வந்து யார் என்று கேட்டேன். தப்பான நம்பராம். தப்பான நம்பரை யாராவது 'டே' போட்டுப் பேசுவார்களா? பெங்களூரில் இருக்கிற மகனுக்கும் தெரிந்திருக்கிறது.

ஐப்பசி 8, சனி

விடியும் முன்பே மழை. கோலம் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் சன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயந்திரம் கோயிலில் பதிகம் படிக்கிற கூட்டம். இரண்டாம் பதிகத்திலேயே கால் ஆரம்பித்துவிட்டது. காலை மாற்றி மடக்கினேன். நீட்டினேன். சன்னதிக்கு நேரே கால் நீட்டலாமா? மறுபடி மடக்கினேன். பக்கத்து வீட்டுக் கோமதி குனிந்து, "என்ன மதினி, உள்ளுக்குள்ள சலங்க கட்டியாச்சா?" என்றாள். அந்தப் பக்கம் இருந்தவளும் சிரித்தாள். எழுந்து பிராகாரத்தைச் சுற்றி நடந்தேன். நடந்தால் ஒன்றும் இல்லை. சாமியைப் பார்த்து உட்கார்ந்தால்தான் வருகிறது. என்னப்பனே, உன் முன்னால் உட்காரவும் எனக்கு விதியில்லையா?

இரும்பு உள்ளே போகிறது, காலோ முன்னைவிட மோசம். அப்படியானால் இரும்பு ஒரு சாக்கு. நோய் வேறுதான்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் நேரே கேட்கப் போகிறேன்.

ஐப்பசி 10, திங்கள்

விரதம். மழை விட்டிருந்தது. இவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே தாளைப் பிரித்து டாக்டரம்மா மேசையில் வைத்தேன்.

"எனக்கு நடுக்குவாதமா? இருக்கு, இல்லன்னு ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அவர் இவரைப் பார்த்தார். "அன்னைக்கே உங்ககிட்ட இல்லன்னு சொன்னேனே சார். வீட்ல சொல்லலையா?"

இவர் மேசையில் கிடந்த தாளை எடுத்து மடித்தார்.

டாக்டரம்மா என்னைக் கையை நீட்டச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், நடக்கவிட்டுப் பார்த்தார். இல்லவே இல்லை என்றார். ஒரே மருந்து இரண்டுக்கும் கொடுப்பார்களாம். "மிளகை ரசத்துக்கும் போடுதிய, பொங்கலுக்கும் போடுதிய. அதுக்காகப் பொங்கல் ரசமாயிருமா?" என்றார். வெள்ளை மாத்திரை போடவே இல்லை என்று சொன்னேன். இவர் திரும்பிப் பார்த்தது தெரிந்தது.

"சரி, அது இப்போ வேண்டாம். இரும்பை எப்படிச் சாப்பிடுதிய?"

சொன்னேன். கூடு, செம்பருத்தி, காப்பி எல்லாம். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். காப்பி இரும்பை உடம்பில் சேரவிடாதாம். கால் ஊர்வதையும் கிளப்பிவிடுமாம். "ஒரு கையால ஊட்டி இன்னொரு கையால தட்டிவிட்டிருக்கிய" என்றார். கூடு இல்லாத மாத்திரை எழுதினார். எலுமிச்சைச் சாறோடு போட வேண்டும். காப்பி காலையில் ஒன்றே ஒன்று, அதுவும் மாத்திரையை ஒட்டிக் கூடாது. கால் சரியாக மாதக்கணக்காகுமாம்.

ஆட்டோவில் கேட்டேன். "இல்லன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

ஆட்டோ கொக்கிரகுளம் தாண்டியது. பாலத்துக்குக் கீழே ஆறு கலங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அந்தப் பேர உன் முன்னால சொல்ல எனக்கு வாய் வரலட்டி. ஒங்க அப்பா கோயில்ல திருநீறு வாங்கி, அது நெத்திக்குப் போகாம நெஞ்செல்லாம் சிந்துனத பக்கத்துல நின்னு பாத்தவன் நான்."

"கோலத்த எதுக்குப் படம் பிடிச்சிய?"

"டாக்டரம்மா இல்லன்னாலும் மனசு கேக்கல. பய அனுப்பச் சொன்னான். கையெழுத்துலயே தெரிஞ்சிருமாம். நீ எழுதுத நோட்டத் தொட்டா என்னைய வீட்ட விட்டுத் தொரத்திருவ. அதான் கோலம்."

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம்தான். ஆனாலும் இவர் கையைத் தட்டிவிடவில்லை.

டாக்டரம்மா இல்லை என்றது உண்மையா, இவர் சொல்லிச் சொல்லவைத்ததா? எலுமிச்சை வாங்க வேண்டும்.

ஐப்பசி 11, செவ்வாய்

நல்ல வெயில். எலுமிச்சை, காவிக்கட்டி, சாம்பிராணி. காப்பித்தூள் அரைக் கிலோ வேண்டாம், கால் போதும்.

வேண்டுமென்றே பெரிய கோலம், பதினைந்து புள்ளி. பாதியில் பால்காரர் கூப்பிட்டார், திரும்பினேன், ஓர் இழை கோணிவிட்டது. அழிக்கக் கை போனது. அழிக்கவில்லை.

இவர் வந்தார். பார்த்தார். போனை எடுக்கவில்லை.

"இந்த எடத்துல என்னாச்சு?"

"பால்காரர் கூப்பிட்டாரு."

நம்பினாரா தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைய உட்கார்ந்தார். என் கிண்ணத்திலிருந்து மாவை எடுத்து, கோணல் இழைக்கு மேலே தானே ஒன்று இழுத்தார். பக்கத்து வீட்டு வாசலில் கோமதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இவர் இழுத்த கோடு பாம்பு போனதுபோல நெளிந்து கிடந்தது. கோலம் போடத் தெரியாத கை அப்படித்தான் போகும்.

ஆனாலும் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். நாளைக்கும் இவரை ஓர் இழை போடச் சொல்லிப் பார்க்க வேண்டும்.