காதுக்கு ஊற்றிய எண்ணெய்

12 ஒக்டோபர் 2004, செவ்வாய்

ஏழு வருடமாக ஏன் பிள்ளை இல்லை என்பதை இரத்தினபுரி டாக்டர் இன்று சிங்களத்தில் விளக்கினார். முட்டையை வளரச் சொல்லி மூளையடியிலிருந்து வரும் ஹோமோன் என் இரத்தத்தில் தேவைக்கு மேலேயே இருக்கிறதாம். சூலகத்தில் அதை வாங்கிக்கொள்ளும் இடம்தான் பழுது. பதில் கிடைக்காததால் ஹோமோன் இன்னும் இன்னும் கூடுகிறது.

"கதா கரனவா, ஏத் எஹென்னே நே," என்றார். கூப்பிடுகிறது, ஆனால் கேட்கவில்லை.

கூட வந்த மாமியாருக்குச் சிங்களம் அரைகுறை. தோட்டத்து லயத்தில் எங்கள் காம்பராவுக்கு வந்ததும் வெள்ளைப்பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சினார். முதல் முறையாக என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

"காது கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல புள்ள? நான் எத்தன பேசியும் நீ வாய் தொறக்காதது இதனாலதானா?"

மலடி என்றது முதல் ஒன்று விடாமல் கேட்டது என்று எப்படிச் சொல்வது? காதைக் காட்டிப் படுத்துக்கொண்டேன். எண்ணெய் வெதுவெதுப்பாக இறங்கியது. தகரத்தில் விழும் மழை எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டும் போர்வைக்குள் சுருண்டு கிடப்பவளைப் போல, எனக்குள்ளே ஒரு சின்ன முட்டை தூங்குவது தெரிந்தது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இப்போது பஞ்சு வைத்த காதோடு எழுதுகிறேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மாமியார் மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்கிறார்.

"புள்ள... கேக்குதா?"

நன்றாகக் கேட்கிறது. இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும் என்று இருக்கிறேன்.