இரும்புக் கடைக்காரர் வீட்டுப் பிளாஸ்டிக் குழாய்

அக்கா,

உங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பைப் ஒட்டுகிற பசையின் நெடி மூக்கைத் துளைக்கிறது. தலைகூட லேசாக வலிக்கிறது. ஆனாலும் எழுந்து போக மனமில்லை. இந்த நெடி முதன்முதலாக இந்த வீட்டுக்குள் வந்த நாளில், நீங்களும் நானும் கையெல்லாம் கொப்புளத்தோடு இதே இடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

விஷயம் இதுதான். ஷமீம் தன் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரப்போகிறாள். சம்பந்தி வீட்டார் வருவார்களே என்று நடைக்கு டைல்ஸ் போட ஆளும் பேசிவிட்டாள். போனில் அவள் சொன்னதும் வேங்கிக்காலிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து நின்றேன்.

"டைல்ஸ் இருக்கட்டும். கீழ இருக்கிற பைப்ப எப்ப பாத்த?" என்றேன்.

"தண்ணி நல்லாதான் வருது சித்தி."

உங்கள் மகள்தான், உங்களுக்கே பிறந்தவள்தான், ஆனால் பேச்சு மட்டும் அப்படியே அவள் அப்பா, அண்ணன்தான். எனக்கு வந்த கோபத்தை உங்கள் பெயரைச் சொல்லி அடக்கிக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. நாம் இன்னும் வட ஆற்காடு மாவட்டமாக இருந்தோம். இன்று நான் குடியிருக்கும் வேங்கிக்கால் ஊருக்கு வெளியே எங்கேயோ கிடந்தது. நானும் என் வீட்டுக்காரரும் உங்கள் வீட்டுப் பின் போர்ஷனில் குடியிருந்தோம். அண்ணனுக்குப் பஜாரில் இரும்புக் கடை, அவருடைய அப்பா வைத்தது. கடை வாசலில் துருப்பிடிக்காதிருக்க மேல்பூச்சு போட்ட ஜி.ஐ. இரும்புப் பைப்புகள் கட்டுக்கட்டாகச் சாத்தியிருக்கும். "பைப்புனா இரும்பு. மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்பார் அண்ணன். இந்த வீடு கட்டியபோது உங்கள் மாமனார் கையாலேயே எடுத்துக் கொடுத்த பைப்புதான் தெருவிலிருந்து நடைக்கு அடியில் புகுந்து உங்கள் முற்றத்துக்கும் எங்கள் போர்ஷனுக்கும் தண்ணீர் கொண்டுவந்தது. வருடாவருடம் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது சுவரோரம் நிற்கும் பைப்புக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள். பார்க்கப் புதுசாகவே இருக்கும். குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருப்போம். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் வரும். துணி சிவந்தால் அவிழ்த்து வேறு துணி கட்டுவோம். துணியை மாற்றினோமே தவிர, பைப்பை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த வருடம் கார்த்திகைத் தீபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஊரில் மஞ்சள் காமாலை வந்தது. என் வீட்டுக்காரருக்குக் கண் மஞ்சளானது. தீபக் கூட்டத்தில் கண்ட கடையிலும் தின்றதால்தான் என்று எல்லோரும் அவரைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். நீங்கள் மட்டும் திட்டாமல் தினமும் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கி எடுத்து வந்து கொடுத்தீர்கள். அவர் தேறினார். ஆனால் பக்கத்துத் தெருவில் மாசமாக இருந்த ஒரு பெண்ணுக்குக் காமாலை கண்டது. தாயும் போனாள், வயிற்றில் இருந்ததும் போயிற்று.

அந்தத் துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்து நீங்கள் உட்கார்ந்திருந்த முகம் எனக்கு மறக்கவில்லை. ஷமீமுக்கு அப்போது ஏழாம் மாதம். அடுத்த மாதம் இந்த வீட்டுக்கு வரப்போகிறவள். அவளுக்காகவும் சம்பந்திகளுக்காகவும் நடைக்குக் காவிச் சிமெண்டு போட்டு, முகம் தெரிகிற மாதிரி தேய்த்து வைத்திருந்தீர்கள். அதன் பளபளப்பைப் பார்க்கவே அக்கம்பக்கத்தார் வந்து போனார்கள்.

மறுநாள் குழாய்த் துணியை அவிழ்த்துக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். "மோந்து பாரு" என்றீர்கள். வழக்கமான சிவப்பு, நடுவில் கறுப்பாக ஒரு தீற்றல். மூக்கருகில் கொண்டுபோனதும் குமட்டியது.

"சிவப்பு துரு. அத குடிச்சி யாரும் சாவல. இந்தக் கறுப்பு எங்கேர்ந்து வருது?" என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தீர்கள். சமையலறைச் சாக்கடையும் குடிதண்ணீர்ப் பைப்பும் அந்தப் பளபளத்த தரைக்கு அடியில் ஒட்டி உறவாடிக்கொண்டுதான் தெருவுக்குப் போகின்றன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த அண்ணனிடம் சொன்னீர்கள். "ஒழுகவே இல்லியே. தர ஈரமா இருக்குதா பாரு. தண்ணி ஜாஸ்தியாதான் வருது" என்றார்.

"தண்ணி வரச்சொல்லோ ஓட்டையில வெளிய துப்புது. நின்னதும் பைப்பு காலியாயி உள்ள உறிஞ்சுது. பக்கத்துல இருக்கிறது இன்னா, பன்னீரா?"

"புதுத் தர. பொண்ணு வர்ற நேரத்துல யாராவது வீட்ட இடிப்பாங்களா? அவ வந்து, பெத்து, நல்லபடியா போகட்டும். அப்புறமா பாத்துக்கலாம்."

அண்ணன் கெட்டவர் இல்லை. மாசமாக இருக்கும் பெண் புழங்குகிற வீட்டில் இடிக்கக் கூடாது என்பது உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒரே மாதிரிதான். மறுநாள் காலை அண்ணன் கடைக்குப் போனதும் தரை போட்ட மேஸ்திரியைக் கூப்பிட்டனுப்பினீர்கள். அவரும் வாசலிலேயே நின்றுகொண்டார். "நான் போட்ட தரைங்க. அதுவும் மாசமா இருக்கிற பொண்ணு வர்ற வீட்டுல கடப்பாரை போட எனக்கு மனசு வரலைங்கம்மா."

"அவ இன்னும் வரல. வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். கடப்பாரைய மட்டும் வெச்சிட்டுப் போங்க" என்றீர்கள்.

அவர் வைத்துவிட்டுப் போனார். நீங்கள் புடவையை இழுத்துச் செருகினீர்கள். முதல் குத்தில் தரையில் ஒரு பொட்டுதான் விழுந்தது. இரண்டாவதில் விரிசல் ஓடியது. அந்த அழகான தரை பிளந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், நீங்கள் திருப்பவில்லையே! மூச்சு வாங்க நீங்கள் நின்றபோது நான் வாங்கிக் குத்தினேன். குடியிருக்கிற வீட்டை இடிக்கிற குடித்தனக்காரி ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன் என்று சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். தோண்டிக்கொண்டே இருந்தோம்.

பைப்பு தெரிந்தது. இரண்டு பைப்பை இணைக்கும் சாக்கெட்டைச் சுற்றி மண் கறுத்து, சேறாகக் கிடந்தது. நான் விரலால் மண்ணைத் தள்ளினேன். இரும்பும் மண்ணோடு உதிர்ந்து வந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு அண்ணன் வந்தார். நடையில் பள்ளத்தையும், சேறு பூசிய இரண்டு பெண்களையும் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நான் சுவரோரம் ஒதுங்கினேன். நீங்கள் உடைந்த பைப்புத் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தீர்கள். உள்ளே துரு அடைத்துச் சுண்டுவிரல்கூட நுழையாது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சாக்கெட்டு முறுக்க மரை வெட்டின இடம்" என்றார் கடைசியில். "வெட்டச்சொல்லோ மேல்பூச்சு போயிடும். துரு மொதல்ல அங்கதான் புடிக்கும். இரும்பு மேல தப்பு இல்ல. சாக்கடை ஓரத்துல போட்டது தப்பு." துண்டைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம கடையிலேர்ந்து நல்ல பைப்பா அனுப்பறேன்" என்றார்.

"அதே சாக்கடை, அதே இரும்பு. ஷமீமோட பொண்ணு மாசமா வரும்போது மறுபடியும் நான் கடப்பாரை தூக்கணுமா? பிளாஸ்டிக் போடுங்க. செங்கம் ரோட்டுல புதுசா கட்டுற ரூமுக்கெல்லாம் அதான் போடறாங்களாம். துரு புடிக்காதாம்."

"வெயில்ல வெச்சா பொரிஞ்சிப் போயிடும். நம்ம ஊரு வெயிலு தெரியாதா உனக்கு?"

"பூமிக்குள்ள ஏதுங்க வெயிலு?"

"இரும்புக் கடைக்காரன் வீட்டுல பிளாஸ்டிக்கா? பஜார்ல சிரிப்பாங்க" என்று அண்ணன் முனகினார்.

"மேல கண்ணுக்குத் தெரியறதெல்லாம் உங்க இரும்பு. அதுக்குத்தான் வெயிலும் தாங்கும், வாளி பட்டாலும் தாங்கும். கீழ இருக்கிறது எனக்கும் இவளுக்கும் மட்டும்தான் தெரியும்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அண்ணன் எத்தனை முறை தோற்றாரோ தெரியாது, நான் பார்த்தது அது ஒன்றுதான். அவரே போய் வாங்கினார். பஜாரில் யார் கண்ணிலும் படக்கூடாதென்று கோணியைச் சுற்றித் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். வீட்டு நீளத்துக்கு ஒரு பைப்பைக் கோணியில் சுற்றினால் ஊர் பார்க்காதா? ஊரே பார்த்தது. சாக்கடை இருந்த பக்கத்தை விட்டு எதிர்ச்சுவரோரம் புதுப்பள்ளம் தோண்டி, இந்த நெடி அடிக்க அடிக்க ஒட்டினார்கள்.

தண்ணீர் வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. உங்களுக்கு மட்டும் இல்லை. ஷமீம் வந்ததும் அவளுக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். நீங்கள் மட்டும் குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தீர்கள். "எதுக்குக்கா இது? நீங்களும் காய்ச்சின தண்ணியையே குடிங்களேன்" என்று சண்டை போட்டேன்.

"தெருவுல இன்னும் பழைய பைப்புதான இருக்குது? யாராவது குடிச்சிப் பாக்கணும் இல்ல? எனக்குக் காமாலை வந்தா கீழாநெல்லி அரைச்சித் தர நீ இருக்க. அவளுக்கு வந்தா யாரால இன்னா பண்ண முடியும்?"

இதை நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குத்தான் கண் நிறைந்தது.

உங்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஷமீம் நல்லபடியாகப் பெற்றாள். தரையில் ஒட்டுப்போட்ட காவி வேறு நிறத்தில் நின்றது. சம்பந்தியம்மாள் அதைக் கேலி பேசினார்கள். நீங்கள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நீங்களும் போனீர்கள், உங்களுக்கு முன்பே அண்ணனும் போனார். நீங்கள் இல்லாத இந்த வீட்டுக்குள் நுழைய எனக்கு இன்றைக்கும் கால் கூசுகிறது. அண்ணன் கடை வாசலில் இப்போது பிளாஸ்டிக் பைப்புதான் சாத்தியிருக்கிறது. அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே சிரித்துக்கொள்ளுங்கள்.

ஷமீம் தரையை உடைக்கத் தயங்கினாள். நான் விடவில்லை. நேற்று உடைத்தோம். உங்கள் பிளாஸ்டிக் நிறம் மங்கியதோடு சரி, கல்லுமாதிரி இருக்கிறது. ஆனால் அது மேலேறி அண்ணனின் இரும்போடு சேரும் முக்கில், மரை இருந்த இடம், தொட்டதும் பொடியானது. வெளியே ஒரு சொட்டு ஒழுகியதில்லை. ஷமீம் அந்தப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு டைல்ஸ் பேச்சை எடுக்கவில்லை. அந்த முக்கோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டேன். தண்ணீர் விட்டு இணைப்பெல்லாம் பார்த்த பிறகுதான் மண் மூடுவது, மண் இறுகிய பிறகுதான் தரை. சம்பந்திகள் வெறும் சிமெண்டில் நடந்து வரட்டும், ஒன்றும் குறைந்துபோகாது.

நாளைக் காலை தண்ணீர் வரும் முறை. உங்கள் பேத்தி வந்ததும் அவளுக்குக் காய்ச்சின தண்ணீர்தான் என்று ஷமீமிடம் கண்டிப்பாகச் சொல்லியாயிற்று. பச்சைத் தண்ணீரைத் தான் குடித்துப் பார்ப்பதாக அவள் சொன்னாள். கூடாது என்றேன். பிள்ளை பெறப்போகிறவளுக்குத் தாய் திடமாக இருக்க வேண்டும். கீழாநெல்லி அரைக்க ஷமீமுக்குத் தெரியும், அக்கா. முதல் டம்ளரை நான் குடிக்கிறேன்.