பூட்டிக் கிடந்த மண்டபம்

கன்சாஸ்
ஞாயிறு மாலை

என் அன்பு சிட்லாலிக்கு,

நானும் அப்பாவும் நலம், அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் உடம்பும் மனமும் வாடாமல் இருக்க குவாதலூப்பே அன்னை துணையிருக்கட்டும். இன்று காலை எழுந்ததும் காப்பிகூடப் போடாமல் சேவைச் சங்கத்தின் மஞ்சள் மேலங்கியை இஸ்திரி போட்டேன், சங்கத்தின் பான்கேக் விருந்து இன்றுதான். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இப்படித் தேய்க்கலையே என்று சிரித்தார். போனமுறை போனில் நீ, அந்த ஆளுங்களோட உனக்கு என்னம்மா வேலை என்று கேட்டாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

நம் வழக்கப்படி கல்யாணம்போல நடத்த வேண்டிய உன் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்கு நாங்கள் கேட்டது அவர்களுடைய மண்டபத்தைத்தான். போனில் என் சரளமான ஆங்கிலத்தைக் கேட்டு, தாராளமா வாங்க என்ற சங்கத்துக்காரர் டுவைன் ஹாஃப்ஸ்டெட்டர், நேரில் எங்கள் இருவரையும் பார்த்ததும், அடடா, அன்னிக்கு வேற கூட்டம் இருக்கே, மறந்தே போச்சு என்றார். கடைசியில் இறைச்சி ஆலையில் வண்டி நிறுத்தும் இடத்தில், காற்று கூடாரத்தைத் தூக்க, கேக்கில் மண் விழ, நீ சிரித்துக்கொண்டே அப்பாவோடு ஆடினாய். ஐஸ் தீர்ந்து, வாங்கி வர நான் காரில் போன வழியில்தான் மண்டபம் இருந்தது. விளக்கு இல்லை, வாசலில் ஒரு வண்டி இல்லை, பூட்டிக் கிடந்தது. ஐஸை வாங்கிக்கொண்டு வந்தேன். உன்னிடம் இதைச் சொன்னதில்லை.

போன வருடம் அதே டுவைன், நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் என் அறைக்கு வந்தார். இப்போது அவர்தான் சங்கத் தலைவர். பழைய உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம், பான்கேக் புரட்டக்கூட ஆள் இல்லையாம், ஊரில் இருக்கிற, நம்மைப்போல் ஸ்பானிஷ் பேசும் ஹிஸ்பானிக் மக்களோடு உறவை வளர்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். உங்க ஆளுங்க நல்ல உழைப்பாளிங்க மரியா, கொஞ்சம் பேரக் கூட்டிட்டு வாங்களேன் என்றார். என் பெயர் மாரிசேலா என்றேன், ஆமா ஆமா என்றார், இன்றுவரை மரியாதான். அது போகட்டும். அவருக்கு என்னை நினைவே இல்லையடி. வெறுத்திருந்தால்கூட முகத்தையாவது நினைவு வைத்திருப்பார். அந்த நிமிஷம்தான் சேருவதென்று முடிவு செய்தேன், சேவை செய்வதற்காக அல்ல.

எதிர்வீட்டு குக்கா அக்காவை முதலில் சேர்த்தேன், அவர் ஆலையில் தன்னோடு வேலை செய்கிறவர்களைச் சேர்த்தார். முதல் கூட்டம் முடிந்து வரும்போது, மணி அடிக்கிறாங்க, பாட்டுப் பாடுறாங்க, காணிக்கை வாங்குறாங்க, சாமியத்தான் காணோம் என்றார். டுவைன் முழுக்கக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு எழுதுவது சுலபமாக இருக்கும். குக்கா அக்காவின் கணவருக்கு மாரடைப்பு வந்தபோது பனிப்புயலில் விசிட்டா ஆஸ்பத்திரிவரை வண்டி ஓட்டிக்கொண்டு போனவர் அவர். அது என் கோபத்தைக் குறைக்கவில்லை, இடைஞ்சல்தான் செய்தது.

இன்று விருந்தில் குக்கா அக்காவின் பச்சை மிளகாய் சால்சாவை ஊற்றிச் சாப்பிட்டுக் கண்ணில் நீர் வழிய, இதுக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கியாம்மா என்று கேட்டார் டுவைன். உங்க பான்கேக்குக்கு உயிர் குடுத்திருக்கேன், நன்றி சொல்லிட்டுச் சாப்பிடுங்க என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள், பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். அந்தக் கலகலப்பை நம்பித்தான் அக்கா கேட்டார், பேத்தி யாரெட்சிக்கு அக்டோபரில் பதினைந்து வயசு, விழாவுக்கு மண்டபம் வேண்டும் என்று. டுவைன் தட்டைக் கீழே வைக்காமலேயே, மத்த எதுன்னாலும் கேளுங்க, உங்க சமையல் வாசனை சுவத்துல ஏறிட்டா போகாது பாருங்க என்றார். அப்போது இரண்டாவது தட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஏற்கெனவே துடைத்த அடுப்பைத் திரும்பத் துடைத்தார்.

செவ்வாய்க்கிழமை தலைவர் தேர்தல். மறுபடியும் தன் பெயரை நான் முன்மொழிவேன் என்று டுவைன் நம்பிக்கொண்டிருக்கிறார். அக்கா என் பெயரைச் சொல்வார். புகைப்படத்துக்காக டுவைன் சேர்த்துக்கொண்ட எங்கள் ஆட்கள்தான் இன்று சங்கத்தில் பெரும்பான்மை, அதை அவர் கவனிக்கவே இல்லை. நான் ஜெயிப்பேன், இது அப்பாவுக்கும் தெரியும். விட்டுரு மாரிசேலா, வயசான மனுஷன் என்கிறார். வயசு எனக்கும்தான் ஆகிறது, எதுவும் மறக்கவில்லையே என்றேன். இதற்குப் பெயர் பழி என்றால் இருக்கட்டும். நல்ல பெயர் தேடி நாள் முழுக்க யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து தூங்காமல் வண்டி ஓட்டாதே, பனிக்கான டயரை இந்த மாதமே மாற்றிவிடு, அத்தைக்கு மறக்காமல் போன் செய். கடவுள் உன்னை நூறு வயது நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, குக்கா அக்காவிடம்கூட. மண்டபத்துக்குப் பொறுப்பாளரை நியமிப்பது தலைவரின் வேலை. டுவைனைத்தான் நியமிக்கப் போகிறேன். மனைவி போனபிறகு அவருக்கு அந்தச் சங்கத்தை விட்டால் போக்கிடம் இல்லை, அதனால் மறுக்க மாட்டார். அது தெரிந்தேதான் செய்கிறேன். யாரெட்சியின் விழாவுக்கு அவர்தான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், எங்கள் கடைசிப் பாட்டு முடிகிறவரை இருந்து தரையைப் பெருக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். யாரெட்சியோடு முடியாது. ஊரில் நம் பெண்கள் நிறையப் பேர் பதினைந்தை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

உன் அம்மா,
மாரிசேலா