காவலன் மனைவியின் ஒப்பாரியும் நான் கொடுத்த புகாரும்

அனுப்புநர்:
ம. கோதண்டராமன் (வயது 51),
விவசாயி, ஏரிக்கரைத் தெரு,
கல்லேரிப்பட்டு கிராமம்,
செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
விழுப்புரம் மாவட்டம்.

பொருள்: எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியை திருமதி ரஞ்சனி மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல் – அதில் உள்ள பொய்யான தகவலுக்கு நானே பொறுப்பேற்றல் – நிறுத்தப்பட்ட நாடக வகுப்பைத் தொடர அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் புகார் மனு, நாள் 10.11.2025.
2. 4.12.2025 அன்று விசாரணைக்கு வரச் சொல்லித் தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். பதினெட்டு நாளுக்கு முன் ஓர் ஆசிரியையை இந்த ஊரைவிட்டே மாற்ற வேண்டும் என்று தங்களுக்கு மனு கொடுத்தவன் நான்தான். இன்று அதே ஆசிரியையை மாற்றக் கூடாது என்று எழுதுகிறேன். இந்த ஆளுக்கு வேறு வேலை இல்லையா என்று தாங்கள் நினைத்தால் அதில் தவறில்லை. கடைசி வரை படித்துவிட்டு நினைக்குமாறு மட்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. என் ஒரே மகள் தமிழினி மேற்படி பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அந்த வகுப்புக்கு இலக்கிய மன்ற நேரத்தில் ஆசிரியை ரஞ்சனி ‘கற்கதவு’ என்ற பழைய துன்பியல் நாடகத்தை நடத்தி வந்தார். கதை தெரியாமல் வழக்கு விளங்காது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோட்டையைப் பகைவர் சூழ்ந்திருக்கிறார்கள். கதவைத் திறப்பவன் எவனானாலும் தலை போகும் என்று அரசன் ஆணையிடுகிறான். வெளியே முகமெல்லாம் ரத்தமாக ஒருவன் கிடந்து கதறுகிறான். வாசல் காவலனுக்கு மனம் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து அவனை உள்ளே இழுத்துப் போடுகிறான். அரசன் அந்தக் காவலனை வாய் நிறையத் தம்பி என்று கூப்பிட்டவன்; ஆனாலும் ஆணை ஆணைதான் என்று தலையை வாங்கிவிடுகிறான். அடிபட்டவன் முகத்தைக் கழுவிப் பார்த்தால் அவன் அரசனின் சொந்த மகன். ஐந்தாம் காட்சி முழுக்க அரசன் அழுகிறான், நாற்பது பாட்டு. காவலன் மனைவிக்குப் புத்தகத்தில் இருப்பது ‘மனைவி அழுகிறாள்’ என்ற ஒரே வரி.

3. ஆசிரியை இதை நோட்ஸ் கொடுத்து நடத்தவில்லை. வகுப்பை நான்காகப் பிரித்து, ஒரே கதையை நான்கு பக்கமாக நின்று பார்க்கச் சொன்னார். அரசன் பக்கம் ஒரு குழு, பெண் பக்கம் ஒன்று, உழைப்பவன் பக்கம் ஒன்று, விதி என்று ஒன்று உண்டா என்று கேட்கிற பக்கம் ஒன்று. பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப்போய், வாசலுக்கு உள்ளே பாதி, வெளியே பாதி நிற்க வைத்து வாசிக்கவும் செய்தார். உழைப்பவன் குழுவில் அன்புச்செல்வன் என்ற மாணவன் ஒரு கேள்வி கேட்டானாம். தம்பி தம்பி என்று உருகுகிற அரசன், காவலன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததாக எந்தக் காட்சியிலும் இல்லையே என்று. மகள் இதை வீட்டில் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் சாதியை இழுக்கிறார்கள் என்று அன்றே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அந்தப் பையன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதுதான் என் கோபத்துக்குக் காரணம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

4. பெண் பக்கத்துக் குழுவுக்குக் கொடுத்த வேலை, அந்த மனைவியின் விடுபட்டுப்போன ஒப்பாரியை எழுதிக் கொண்டுவருவது. எழுதும் பொறுப்பு என் மகளுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்க மாட்டார்கள். வைத்தால் சாவைக் கூப்பிட்டது ஆகும் என்பது ஐதீகம். தாங்கள் எந்த ஊர்க்காரரோ தெரியாது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

5. 6.11.2025 வியாழக்கிழமை பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை, மகள் வீட்டில் இருந்தாள். நான் காலையில் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குப் போயிருந்தேன். என் போனில் சார்ஜ் இல்லை. கூட்டுரோட்டில் ஏதோ டிராக்டர் கவிழ்ந்ததாக ஊரில் ஒரு பேச்சு. அந்த நேரம் பார்த்து என் வீட்டிலிருந்து ஒப்பாரி கேட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுத் தனகோட்டி என்ற அம்மாள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக வீரமணி டீக்கடைக்கு ஓடினார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் மாலை ஐந்து மணிக்கு வந்து இறங்கும்போது வாசலில் அறுபது பேர். சாமியானாக்காரர் இரண்டு கம்பு நட்டுவிட்டார். பனமலையிலிருந்து என் மைத்துனர் டாடா ஏஸ் வண்டியில் ஆள்களோடும், எனக்குப் போர்த்தக் கோடித்துணியோடும் வந்து இறங்குகிறார். வீரமணி கையில் மாலை. என்னைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையிலேயே கொடுத்துவிட்டார். உயிரோடு இருக்கும்போதே தன் சாவு மாலையைக் கையில் வாங்கியவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

6. என்ன கூத்து இது என்று கேட்டதற்கு என் மனைவி ஜெயக்கொடி, பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு பழகியது என்றாள். மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஏற்கெனவே போட்டிருந்த முடிச்சு இறுகிவிட்டது. இரண்டாம் நாள் எங்கள் கறவை மாடும் செத்தது. ஒப்பாரிக்கு வந்த சாவு மாட்டோடு போயிற்று என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அடுத்த திங்கட்கிழமையே தங்கள் அலுவலகத்துக்கு வந்து மூன்று பக்க மனு கொடுத்தேன். மைனர் பெண்ணைக் கட்டாயப்படுத்தி ஒப்பாரி பாட வைத்தார், பிள்ளைகளிடம் சாதிப் பேச்சை மூட்டினார், பாடநூலில் இல்லாததை நடத்தினார் என்று எழுதினேன். மனைவியைப் பற்றி ‘என் மனைவியும் மிகுந்த மனவேதனைக்கு ஆளானார்’ என்று குறிப்பிட்டேன்.

7. மனு வேகமாக வேலை செய்தது. வகுப்பு நான்காம் காட்சியோடு நின்றது. ஆசிரியைக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. நிர்வாக மாறுதல் இருக்கும் என்று பள்ளியில் பேச்சு. அவர் அனந்தபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்குத் தாய். இதெல்லாம் காதில் விழுந்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை, ஜெயித்துவிட்ட மிதப்புத்தான் இருந்தது. இரண்டு நாள் மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தேன். மகள் என்னோடு சண்டை போடவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள், சாப்பிட்டாள், படித்தாள்.

8. விசாரணைக்கு வரச் சொல்லித் தங்கள் கடிதம் வந்த அன்று, என் மனுவின் நகலை எடுத்துப் பார்த்தேன். பட்டா, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையில் அது இருந்தது. அதோடு நான்கு அரைத்தாள்கள் குத்தியிருந்தன. என் மகளின் கையெழுத்து. நாடகத்தைப் படித்த மாதிரியே என் மனுவை அவள் நான்கு பக்கமும் நின்று படித்திருக்கிறாள். அரசன் பக்கம்: ‘மனுதாரருக்கு ஊர் சிரித்ததுதான் வலி. மற்றவை பிறகு சேர்ந்தவை.’ உழைப்பவர் பக்கம்: ‘இந்த மனுவால் யாருக்கு வேலை போகும், யாருக்கு ஒன்றும் போகாது?’ விதியின் பக்கம்: ‘மாடு ஒப்பாரியால் சாகவில்லை. மழையில் நனைந்த மல்லாட்டைக் கொடியைத் தின்று வயிறு உப்பிச் செத்தது. கொடியைப் போட்டவர் மனுதாரர்.’ இது உண்மை, ஐயா. மாட்டு டாக்டர் என்னிடம் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

9. நான்காவது தாளில் அதிகம் எழுதவில்லை. மூன்று பக்க மனுவில் அம்மாவுக்கு ஒரு வரி, அதுவும் உண்மையா என்று அம்மாவை யாரும் கேட்கவில்லை என்று மட்டும் இருந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். இன்னா இது, நீ மனவேதனைக்கு ஆளாகவில்லையா என்று ஜெயக்கொடியைக் கேட்டேன். அவள் அடுப்பை நிறுத்தினாள். பிறகு சொன்னது இது:

“அன்னிக்குப் பாடனது பாப்பா இல்ல. நானு.”

10. அவள் சொன்னதைத் தொகுத்து எழுதுகிறேன். மகள் எழுதிய பாட்டு பள்ளிக்கூடத் தமிழில் இருந்திருக்கிறது. இப்படி யாரும் அழமாட்டார்கள் என்று சொல்லி, மெட்டைக் காட்ட ஜெயக்கொடி நான்கு வரி பாடிக் காட்டியிருக்கிறாள். ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. அதைத்தான் தனகோட்டி கேட்டது. ஜெயக்கொடி குரல் எனக்குத் தெரியாதா என்று அந்த அம்மாள் அன்றே சத்தியம் செய்தார். நான்தான் அவரை விரட்டிவிட்டேன். வாசலில் கூட்டத்தையும் என் முகத்தையும் பார்த்துப் பயந்துபோய் மனைவி மகள்மேல் பழியைப் போட்டாள். மகள் அம்மாவைக் காட்டிக் கொடுக்காமல் அதைச் சுமந்துகொண்டாள். தான் எழுதியதும் அம்மா சேர்த்ததுமாகப் பாட்டு இப்படி இருக்கிறது:

கதவைத் தொறந்த கையக்
காட்டுக்கு அனுப்பினாங்க – என்
கதவைச் சாத்த ஆளில்லையே
காத்து வந்து மோதுதய்யா.

11. இதில் நான் மறைக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. தமிழினி பிறந்து ஒன்பதாம் நாள், ஜெயக்கொடி பிரசவத்துக்காகப் பனமலையில் தாய்வீட்டில் இருந்தபோதே, என் மாமனார் திடீரென்று இறந்துபோனார். பச்சை உடம்புக்காரி சாவைப் பார்க்கக் கூடாது, குழந்தைக்கு ஆகாது என்று, தாயையும் பிள்ளையையும் அந்த ஊரிலேயே ஏரிக்கரையில் ஒரு வீட்டுக்கு மாற்றினோம். அவள் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினாள். வெளியே நாதாங்கி போட்டவன் நான். பறைச் சத்தம் தெருவைக் கடந்து போகும்வரை அவள் உள்ளிருந்து கதவைத் தட்டியது எனக்குக் கேட்டது. பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன், அதில் வஞ்சகம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி அவளை நான் கேட்டதில்லை. ஒரு ஆசிரியை கொடுத்த வீட்டுப்பாடம் வந்துதான் அவள் தன் தகப்பனுக்கு வாய்விட்டு அழ வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஐயா.

12. ஆகவே என் முந்தைய மனுவில் கட்டாயப்படுத்திப் பாட வைத்தார் என்ற பகுதி முழுப் பொய். சாதிப் பேச்சு என்ற பகுதி, ஒரு பிள்ளை கேட்ட நேர்மையான கேள்வியை நான் திரித்தது. பாடநூலில் இல்லாதது என்பது மட்டும் உண்மை. அந்தப் புத்தகம் பள்ளி நூலகத்தில் இருக்கிறது, எடுத்துப் படிக்கத்தானே வைத்திருக்கிறார்கள்? பொய்த் தகவலுக்கு என்ன நடவடிக்கை உண்டோ அதை என் மேல் எடுக்கலாம். நான் கேட்பது, ஆசிரியை மீதான குறிப்பாணையை ரத்து செய்ய வேண்டும், அவரை இதே பள்ளியில் விட வேண்டும், அந்த ஐந்தாம் காட்சியை அரையாண்டு விடுமுறைக்கு முன் நடத்த அனுமதிக்க வேண்டும். பிள்ளைகள் காவலனின் தலை விழுந்த இடத்தில் இரண்டு வாரமாக நிற்கிறார்கள். பள்ளிக்குப் போய் ஆசிரியையிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். முதல் பெஞ்சில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். விசாரணை முடிகிற வரை இது பற்றிப் பேசுவது முறையில்லை என்றார். பிறகு, மகள் எழுதிக் கொடுத்திருந்த அந்தப் பாட்டில் மூன்றாம் வரி உங்கள் மகளுடையதா, வீட்டம்மாவுடையதா என்று மட்டும் கேட்டார். வீட்டம்மாவுடையது என்றேன். சிரித்தார். அந்த ஒரு சிரிப்பை நம்பித்தான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

13. கீழே உள்ளது என் மனைவி சொன்னது. நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தாள்.

“சாருக்கு வணக்கம். நான் எட்டாவது வரைக்கும் படிச்சிக்கிறேன். அந்த டீச்சர் என்ன நேர்ல பார்த்ததே இல்ல. என் பொண்ணுகிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க, அது என்கிட்ட வந்து நின்னுச்சு, அவ்ளோதான். எங்க நைனா செத்ததுக்கு நான் அழாம வுட்டது நெஞ்சில கல்லு மாதிரி கெடந்துச்சி. இப்ப கொஞ்சம் எறங்கிருக்குது. அந்தக் கடைசிக் காட்சிய நடத்தச் சொல்லுங்க சார். பசங்களுக்கு மெட்டு வரலன்னா நான் வந்து சொல்லித் தரேன். பள்ளிக்கூடத்துல பாடனா சாவு வரும்னு யாராச்சும் சொன்னா, எங்க வூட்டுல பாடி மூணு வாரம் ஆச்சு, எங்க வூட்டுக்காரரு கல்லு மாதிரி நிக்கறாருன்னு சொல்லுங்க.”

14. விசாரணை நாளன்று நாங்கள் இருவரும் வருகிறோம். முதலில் என் மனைவி பேசுவாள். அவள் முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். ஆபீசில் அவ்வளவு நேரம் தர மாட்டார்கள், எவ்வளவு நேரம் பேசுவாய் என்று கேட்டேன். பதினாறு வருசம் பொறுத்தாச்சு, அவங்க ஒரு அரை மணி நேரம் பொறுக்க மாட்டாங்களா என்றாள். அந்த அரை மணி நேரத்தைத் தாங்கள் தந்தருள வேண்டும் என்று இருவரும் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: கல்லேரிப்பட்டு
நாள்: 28.11.2025

தங்கள் உண்மையுள்ள மனுதாரர்கள்,

1. கோ. ஜெயக்கொடி (ஒப்பம்)
2. ம. கோதண்டராமன் (ஒப்பம்)